மேலே நின்று கத்து

புவனா,

நேற்று உன்னை ஈப்போவில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கோப்பெங் முச்சந்தி வந்ததும் உன் அம்மா, "அவகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எழுதுங்க. வாட்சப்புல ரெண்டு வரி வேணாம். உக்காந்து ஒழுங்கா எழுதுங்க" என்றாள். அதனால் உட்கார்ந்திருக்கிறேன். காரில் உன்னிடம் நான் என்னென்ன பேசினேன் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. வாடகை அறைக்கு நல்ல பூட்டாக வாங்கு, மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டாதே, ஜொகூரில் சாப்பாடு நம் வாய்க்குப் பிடிக்காது, ஊறுகாயைத் தீர்த்துவிடாதே. சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பியது வேறு. அதைச் சொல்லாமலே உன்னை ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும்போது நீ கண்ணாடிக்கு உள்ளேயிருந்து கை காட்டினாய். நானும் காட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது நீ ஒன்று சொன்னாயே, அதிலிருந்துதான் எனக்கு இந்தப் பயம். மின்சார வேலைப் பயிற்சிக்குப் போன கப்பல் பட்டறையில் உன்னைச் செல்லமாக 'கெச்சில்' என்று கூப்பிட்டார்களாம், சின்னவள் என்று. "வேற யாரும் நுழைய முடியாத எடத்துக்கெல்லாம் என்னைத்தான் அனுப்புவாங்கப்பா. நான் ஒல்லியா இருக்கேன்ல, பூனை மாதிரி பூந்து வாயரை இழுத்துட்டு வந்துருவேன்" என்று சொல்லிச் சிரித்தாய். அம்மா கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். குழம்பு காரமாக இருக்கிறது என்று நீ சொன்னதால் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்திருப்பாய். அவள் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் போனதும், "போக வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா" என்றாள். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும் இதில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் உன் சேகர் மாமாவைப் பற்றி எழுத வேண்டும்.

நீ இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தபோது நம் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஈயக்குட்டையில் பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை சறுக்கி விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? பள்ளிச் சீருடையோடு நீ குதித்தாய். அந்தக் குட்டை எவ்வளவு ஆழம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஈயம் எடுத்தவர்கள் தோண்டிப் போட்டுவிட்டுப் போன பள்ளம், கரையெல்லாம் வழுக்கு மணல். எப்படியோ கோரைப் புல்லைப் பிடித்து இரண்டு பேரும் கரையேறினீர்கள். தாமானே வாசலில் திரண்டது. கோவில் திருவிழாவில் உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அம்மா உன் தலையைத் துவட்டிக்கொண்டே, "அப்படியே சேகர்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். எல்லாரும் போனபிறகு நீ வந்து, "நீங்க மட்டும் ஏம்ப்பா ஒண்ணுமே சொல்லல?" என்று கேட்டாய். "போய்க் குளிச்சிட்டு வா" என்றேன். அப்பாவுக்குப் பாராட்டத் தெரியாது என்று பல நாள் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். உண்மை என்னவென்றால் அன்று எனக்குப் பயத்தில் வாய் வரவில்லை. ஒரு குழந்தை விழுந்தால் யோசிக்காமல் பின்னால் குதிக்கிறவள் என் வீட்டில் இருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் வேலை செய்த கப்பல் பட்டறை இப்போது இல்லை. சித்தியவானைத் தாண்டி ஆற்றோரத்தில் இருந்தது. பெரிய கப்பல்கள் அங்கே வராது. இழுவைப் படகுகள், மணல் ஏற்றும் பார்ஜுகள், மீன்பிடிப் படகுகள், இவைதான். நான் மின்சாரப் பகுதி. வாரம் முழுக்க அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன். சேகர் உன் அம்மாவுக்கு நேர் இளையவன். பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபிறகு, அங்கே அவனுக்கு வேலை பிடிக்கவில்லை. வெல்டிங் படித்திருந்தான். நான் போர்மேனிடம் சொன்னேன், அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே அறையில் தங்கினோம். அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். சனிக்கிழமை என் மோட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்து அவனும் கோப்பெங் வருவான். உனக்கு அப்போது நான்கு வயது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நீ அவன் காலைக் கட்டிக்கொள்வாய்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. ஒரு பழைய இழுவைப் படகு பழுதுபார்க்க வந்திருந்தது. அதன் முன்பக்கத்தில், மேல்தளத்துக்கு அடியில், காலியாக மூடிக்கிடக்கும் ஓர் இரும்பு அறை. தண்ணீர் புகுந்தால் மணி அடிக்க அதற்குள் ஒரு கருவி வைத்திருப்பார்கள். தண்ணீர் இல்லாமலே அந்த மணி அடித்துக்கொண்டிருந்தது. வாயர் எங்கேயோ அரித்துவிட்டது என்று அதைப் பார்க்க என்னையும் அஸ்மானையும் போட்டார்கள். அஸ்மான் என் ஜோடி, என் வயது, கை சுத்தமான வேலைக்காரன். மூடியைக் காலையில்தான் திறந்திருந்தார்கள். போர்மேன் ஹம்சா, காற்றை உள்ளே தள்ளும் புளோவர் இன்னொரு பார்ஜில் இருக்கிறது, அது வரும்வரை யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சரி, அதற்குள் அந்த மணிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, யாரும் திரும்பப் போடாதபடி சுவிட்சில் பூட்டு போட்டுவிட்டு வரலாம் என்று நான் இஞ்சின் அறைக்குப் போனேன். அஸ்மான் மூடிக்குப் பக்கத்தில் இருந்தான். ஏணியின் அடியிலேயே இணைப்புப் பெட்டி தெரிந்திருக்கிறது. ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறிவிடலாம் என்று இறங்கியிருக்கிறான்.

இதை நீ புத்தகத்தில் படித்திருப்பாய், பரீட்சையிலும் எழுதியிருப்பாய். மூடிக்கிடக்கும் இரும்பு அறையில் துரு பிடிக்கப் பிடிக்க, உள்ளே இருக்கும் காற்றிலிருந்து உயிர்க்காற்றை அந்தத் துருவே தின்றுவிடும். அதற்கு வாசனை கிடையாது. நெஞ்சை அடைக்காது, இருமல் வராது. எட்டிப் பார்த்தால் நம் வீட்டு அறை மாதிரிதான் இருக்கும். அதுதான் எனக்கு இன்றுவரை பயம், புவனா. மின்சாரமாவது தொட்டால் உதறும். இது ஒன்றுமே செய்யாது. தூக்கம் வருவதுபோல் வரும், அவ்வளவுதான்.

சேகர் மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பியை வெல்டிங் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் முதலில் பார்த்தான். இஞ்சின் அறைவரைக்கும் அவன் குரல் கேட்டது. "மச்சான்! ஓடியாங்க! அஸ்மான் விழுந்துட்டான் லா!" படகு முழுக்க அதிர்கிற மாதிரி கத்தினான். நான் ஏணியில் தாவி ஏறி வந்தபோது, அவன் இரண்டு காலையும் மூடி திறந்த துவாரத்துக்குள் விட்டுவிட்டான். "சேகர், எறங்காதடா! உள்ள காத்து இல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "தோ, கைக்கு எட்டுற தூரம்தான் மச்சான். நான் தூக்கிக் குடுக்கிறேன், நீங்க மேல புடிச்சுக்குங்க" என்றான். அவன் பேசியது அதுதான் கடைசி. சில படிகள் இறங்கினான். அஸ்மானைத் தொடக்கூட இல்லை. ஏணியைப் பிடித்திருந்த கை தானாகவே விட்டது. ஒரு சத்தமும் இல்லாமல், அஸ்மானுக்கு அப்பால், இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இருட்டில் போய் விழுந்தான்.

நான் என் காலை உள்ளே விட்டேன். யோசித்து விட்ட கால் இல்லை, தானாகப் போன கால். பின்னாலிருந்து ஹம்சா என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்து என்னை மல்லாத்தித் தள்ளி மேலே விழுந்தார். "ஜாங்ஙான்! காவ் மாசுக், காவ் மாத்தி!" என்று கத்தினார், இறங்கினால் நீயும் செத்தாய் என்று. நான் அவர் முகத்தில் குத்தினேன். அவர் உதடு கிழிந்து என் சட்டையில் ரத்தம் ஒழுகியது. அவர் விடவே இல்லை. என் காதுக்குள் வாயை வைத்து, "காற்று, காற்றைக் கொண்டு வா" என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பெயிண்ட் அடிப்பவர்கள் தூசி ஊதுவதற்கு வைத்திருந்த காற்றுக்குழாய் தளத்திலேயே கிடந்தது. முழுவதும் திறந்து துவாரத்துக்குள் இறக்கினேன். அது பாம்பு மாதிரி துள்ளிக்கொண்டு நேராக ஏணியின் அடியில், அஸ்மான் முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

சேகர் பக்கம் அதைத் திருப்ப நான் என்னென்னவோ செய்தேன். வீசிப் பார்த்தேன். ஒரு நீளக் கம்பியில் கட்டி, தளத்தில் குப்புறப் படுத்து, தோள்வரை உள்ளே விட்டு நீட்டிப் பார்த்தேன். சட்டத்தில் இடித்து நின்றது. டார்ச்சில் அவன் ஒரு காலணியின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தீயணைப்புப் பொம்பா வண்டி வந்து, முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் மாட்டியவர்கள் இறங்கி, முதலில் அஸ்மானைத் தூக்கினார்கள். அவன் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சேகரைத் தூக்கினார்கள்.

ஹம்சா கிழிந்த உதட்டோடு தன் காரிலேயே என்னைக் கோப்பெங் கொண்டுவந்து விட்டார். அம்மா கார்ச் சத்தம் கேட்டு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வாசலுக்கு வந்தாள். "என்ன, இன்னிக்கே வந்துட்டீங்க? சேகர் வரலையா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அந்தச் சாயங்காலத்தை எழுத என்னால் முடியாது.

பீடோர் தோட்டத்து வீட்டில்தான் காரியம் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுதான் பேசினார்கள். உயிரைக் கொடுத்து ஓர் உயிரைக் காப்பாற்றிய பிள்ளை என்றார்கள். உன் தாத்தா அதைக் கேட்கும்போதெல்லாம் தலையைக் கொஞ்சம் நிமிர்த்துவார். அந்த மனுசனுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். நான் அதை மறுக்கவில்லை. உனக்கும் அந்தக் கதையைத்தான் சொல்லி வளர்த்தார்கள். தீபாவளிக்குத் தீபாவளி பழக்கூடையோடு வந்து, மாமா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும் அஸ்மான் அங்கிளும் அதைத்தான் சொல்வார், வார்த்தைகளைத் தேடித் தேடி. அவர் பேச்சு அன்றிலிருந்துதான் அப்படி ஆயிற்று.

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு உன் அம்மா என்னிடம் கேட்டாள். "நீங்க அங்கதானே நின்னீங்க? நீங்க எறங்கலையா?" இறங்கவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதன்பிறகு பல வாரம் என் முகத்தைப் பார்க்காமல்தான் சோறு போட்டாள். கடைத்தெருவில், கோவிலில், கல்யாண வீட்டில் என்று மற்றவர்களும் கேட்டார்கள். சிலர் வாயால், சிலர் கண்ணால். நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். அதை வெளியே சொல்ல மட்டும் முடியாது. செத்தவன் மச்சானாக இருக்கும்போது, இறங்காதது சரி என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் நீ ஜொகூரில் அதே கப்பல் பட்டறை வேலைக்குப் போகிறாய். ஆகவே நடந்தது நடந்தபடி உனக்குத் தெரிய வேண்டும். சேகர் அஸ்மானைக் காப்பாற்றினான் என்பது பொய் இல்லை. அவன் கத்தினானே, அந்தக் கத்தல்தான் அஸ்மானைக் காப்பாற்றியது. அவன் கத்தாமல் போயிருந்தால், நான் கீழே பூட்டு போட்டு, அட்டையில் என் பேர் எழுதி மாட்டி, சாவகாசமாக மேலே வந்திருப்பேன். அதற்குள் அஸ்மான் முடிந்திருப்பான். உன் மாமா செய்ய வேண்டியதை அந்த ஒரு கத்தலிலேயே செய்து முடித்துவிட்டான். கத்திவிட்டு மேலேயே நின்றிருந்தால், குழாயை அவனும் நானும் சேர்ந்து இறக்கியிருப்போம், அஸ்மான் பிழைத்திருப்பான், அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் வீட்டுக்குப் போயிருப்போம். இறங்கியதால் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது அவனைக் குறைத்துச் சொல்கிறேனோ என்று கை கூசுகிறது. ஆனாலும் உனக்கு இது தெரியாமல் போனால், ஒருநாள் நீயும் அவனை மாதிரியே நிமிர்ந்து பார்த்து, புடிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு இறங்குவாய். உன்னைப் பெற்றவன் நான், எனக்குத் தெரியும்.

உன்னைப் போகாதே என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். மாதக்கணக்கில் செத்துக் கிடந்த படகில் நாம் ஒவ்வொரு வாயராக இழுத்து முடித்து, ஜெனரேட்டரைக் கிளப்பி, சுவிட்சைப் போட்டதும் வரிசையாக விளக்குகள் எரியும்போது தளத்தில் நிற்பவர்கள் எல்லாம் கை தட்டுவார்களே, அது என்ன என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் முதல்முறை அது நடந்த அன்று, நீ போனில் பேசிய பேச்சில் எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம் உனக்கு. அதை உன் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் பயத்தை நான் வைத்துக்கொண்டேன். ஆனால் எல்லாவற்றையும் நானே வைத்துக்கொள்ள முடியாது. பாதியை நீ எடுத்துக்கொள்.

தைரியமாக இரு என்று மற்ற அப்பாக்கள் எழுதுவார்கள். நான் பயப்படு என்று எழுதுகிறேன். நீ கெச்சில்தானே, சட்டென்று நுழைந்து வா என்று யாராவது சிரித்துக்கொண்டே சொல்லும்போது பயப்படு. சிரித்துக்கொண்டே சொல்கிறவர் கெட்டவராக இருக்க மாட்டார், அவசரக்காரராக இருப்பார். உள்ளே காற்றை அளந்தது யார், எப்போது, மீட்டர் எங்கே, எனக்குக் காட்டு என்று கேள். புளோவர் ஓடாத அறைக்குள் தலையைக்கூட நீட்டாதே. நீ உள்ளே இருக்கும்வரை துவாரத்தை விட்டு நகராத ஓர் ஆள் மேலே வேண்டும். சிகரெட்டுக்குப் போகிறேன் என்று அவன் நகர்ந்தால் நீயும் ஏறிவிடு. சுவிட்சில் உன் பூட்டைப் போடு, சாவி உன் சட்டைப் பையில் இருக்கட்டும். முகம் சுளிப்பார்கள். பொம்பளப் பிள்ளைய வேலைக்கு வெச்சா இதான் லா என்பார்கள். சொல்லட்டும். வேலையை விட்டு நிறுத்தினால் மறு பஸ்ஸில் ஏறி வா. வீட்டு வயரிங் வேலை கம்பாரிலும் கோப்பெங்கிலும் எனக்கே கைகொள்ளாமல் இருக்கிறது.

இதெல்லாம் உன் உயிர். இதை நீ பார்த்துக்கொள்வாய், கெட்டிக்காரி. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. உன் கூட்டாளி ஒருத்தி, உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள், உன் கண்ணெதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் விழுந்து கிடப்பாள். அப்போது நீ இறங்கக் கூடாது. மேலே நின்று கத்த வேண்டும். தொண்டை கிழியக் கத்து. காற்றுக்குழாய் கிடைத்தால் இறக்கு. வெல்டிங் ஆக்சிஜனைத் திறந்து விடலாம் என்று எவனாவது ஓடி வருவான், ஒரு பொறி பட்டால் உள்ளே கிடப்பவள் எரிந்துபோவாள், விடாதே. முகமூடிக்காரர்கள் வரும்வரை அங்கேயே நில். அந்த நேரம் போல் ஒரு நேரம் உலகத்தில் கிடையாது. உன் கால் தானாக உள்ளே போகும். உன் பெல்ட்டைப் பிடித்து இழுக்க ஒரு ஹம்சா இருப்பார் என்று நம்பாதே. நீயே உன்னைப் பிடித்துக்கொள். அவள் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பிழைக்காவிட்டால், நீ இறங்கலையா என்று உன்னைக் கேட்பார்கள். அதைச் சுமந்துகொண்டுதான் இருக்க வேண்டும். சுமக்கலாம், புவனா. கனமாகத்தான் இருக்கும், ஆனால் சுமப்பதற்கு நீ உயிரோடு இருப்பாய்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, படித்துப் பார் என்று உன் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மெல்லப் படித்தாள். அவள் என்னிடம் கேட்ட அந்தக் கேள்வியை எழுதியிருக்கிறேனே, நீ வருத்தப்படுவாயோ, அந்த வரியை அடித்துவிடலாமா என்று கேட்டேன். "அடிக்காதீங்க. வீட்டு ஆளுங்களே அப்படிக் கேப்பாங்கன்னு அவளுக்குத் தெரியட்டும்" என்றாள். பிறகு தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்புறம் நான் சொன்னத ஏன் எழுதல?" என்றாள். அது என்னை நானே நியாயப்படுத்துகிற மாதிரி இருக்கும் என்றுதான் விட்டுவிட்டேன் என்றேன். "எனக்காக எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன்.

சேகர் போய்ச் சில மாதம் கழித்து, நான் மறுபடி வேலைக்குக் கிளம்பிய ஒரு திங்கட்கிழமை காலை. மோட்டாரை உதைத்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து வந்து, மாமா எப்ப வருவாங்க என்று கேட்டுக்கொண்டு என் காலைக் கட்டிக்கொண்டாய். அம்மா உன்னைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு, அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்களும் எறங்கியிருந்தா, ரெண்டு பேரையும் ஒரே வாசல்ல வெச்சு அழுதிருப்பேன். நீங்க எறங்காம வந்தீங்களே, அதனாலதான் இவளுக்குச் சோறு ஊட்ட எனக்குத் தெம்பு இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே சித்தியவான் போய்ச் சேர்ந்தேன்.

இப்போது என் தோளுக்கு மேல் குனிந்து நின்று இன்னொன்றும் எழுதச் சொல்கிறாள், அவள் சொல்கிறபடியே எழுதுகிறேன். "ஊரே கேக்கட்டும். உன் கூட்டாளியோட அம்மாவே நேர்ல வந்து கேக்கட்டும். நீ எறங்காம வீட்டுக்கு வந்தா, நாங்க ரெண்டு பேரும் உன்ன ஒரு வார்த்தை கேக்க மாட்டோம். சாப்பிட்டியான்னுதான் கேப்போம். வந்துரு."

அப்பா